யாருக்காகச் சொல் சமைக்கிறோம்?

ஒரு மொழியின் வலிமையை அதன் காவியங்களை மட்டும் கொண்டு அளப்பது நமது பழைய நோய். அம்மொழியைப் பேசும் மேசன் ஒருவர், தாம் பிரிக்கப்போகும் சாந்துப் பையின் மீது அச்சிட்டிருப்பதைத் தம் மொழியில் வாசித்து அறிய முடிகிறதா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் வெட்கித் தலைகுனிய நேரும் என்பது நமக்குத் தெரியும்.

கண்டியைச் சூழ்ந்த எமது பகுதியின் நிலையைப் பாருங்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர் மடவளை. அதைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள், அப்பால் தோட்டங்கள். இங்கே வீடொன்று எழும்பும்போது பாஸ் சிங்களவராக இருப்பார்; தரைக்கு ஓடு பதிப்பவர் மடவளைக்காரராக இருப்பார்; சாந்து குழைத்துக் கொடுப்பவன் லயத்தில் பிறந்த இளைஞனாக இருப்பான். மூவரும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள். வந்து இறங்கும் ஓட்டுப் பெட்டியும் ஒட்டுச்சாந்துப் பையுந்தான் அவர்களோடு பேச மறுக்கின்றன. அவை பேசுவது ஆங்கிலம். தப்பித் தவறித் தமிழ் பேசினால், அது ஆங்கிலத்தைவிடக் கடினமான தமிழாக இருக்கிறது.

இது மிகையன்று. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தொழிற்பயிற்சிக்குச் சென்று, அங்கே தரப்பட்ட தமிழ்க் கைந்நூலைப் பொருள் விளங்காமல் என்னிடம் கொண்டுவந்தான். கொங்கிறீற்று இட்டபின் அதை ஏழு நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்பது கட்டிட வேலையின் அரிச்சுவடி. அந்த நூலோ கொங்கிறீற்றைக் ‘குணப்படுத்த’ வேண்டும் என்றது. நோய் கண்டது யாருக்கு? இரண்டு ஓடுகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி அதில் ‘மூட்டு’ ஆகியிருந்தது. கட்டிடம் தன் எடையாலேயே சுமக்கும் நிலைச்சுமை ‘இறந்த சுமை’ ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் ஆங்கிலச் சொல்லைக் கண்டார், அகராதியைக் கண்டார், சாந்தைக் கண்டதில்லை. நீராற்றல் என்ற சொல் தமிழ்நாட்டுப் பொறியியல் நூல்களில் நெடுங்காலமாகவே உண்டு. ‘தண்ணி கட்டுறது’ என்று சொன்னால் வேலைத்தளத்தில் எவருக்கும் விளங்கும். இவ்விரண்டையும் விட்டுவிட்டு மருத்துவமனைச் சொல்லை எடுத்துவருவதற்கு எத்தனை அறியாமை வேண்டும்!

சொல் பிழைத்தால் என்ன, வேலை நடக்கிறதே என்பார் உளர். வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சுவருக்கென்று செய்யப்படும் ஓடு நுண்துளைகள் நிறைந்தது. அது தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியது. போர்சலின் எனப்படும் இறுக்கமான ஓடு உறிஞ்சுவதோ நூற்றுக்கு அரைப் பங்கிற்கும் குறைவு. முன்னதைப் பழைய முறைப்படி நீரில் ஊறவைத்துச் சீமெந்துச் சாந்தில் பதிக்கலாம். பின்னதை ஊறவைப்பதால் பயனில்லை, வெறும் சீமெந்து அதைச் சரிவரப் பற்றுவதுமில்லை. அதற்கென்று ஒட்டுச்சாந்து வேண்டும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் வெளி விடாமல் நெருக்கிப் பதித்தால், வெப்பத்திலும் ஈரத்திலும் விரியும் தரை போக்கிடம் இன்றி ஒருநாள் கூரைபோல மேலெழும்பி வெடிக்கும். இவை யாவும் பெட்டியின் மீது எழுதியிருக்கின்றன. மத்திய கிழக்கில் ஆண்டுக்கணக்காய் உழைத்து ஒரு தாய் அனுப்பிய பணத்தில் போட்ட தரை இரண்டே ஆண்டில் பெயரும்போது, ‘மேசனுக்கு வேலை தெரியாது’ என்று அவர்மீது பழி போடுகிறோம். அவருக்கு அறிவிக்கவேண்டிய மொழியில் அறிவிக்காத குற்றத்தை எவர்மீது போடுவது?

தரை பெயர்ந்தால் மீண்டும் பதிக்கலாம். மனிதனின் நெஞ்சாங்கூட்டை மீண்டும் கட்ட முடியாது. ஓட்டை உலர வெட்டும்போது எழும் வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது; அது நுரையீரலில் படிந்து மீளாத நோயைத் தருகிறது. நீர் பாய்ச்சி வெட்டு, மூக்கையும் வாயையும் உரிய கவசத்தால் மூடு என்ற எச்சரிக்கை வெட்டுக் கருவியின் கைந்நூலில் இருக்கிறது, ஆங்கிலத்தில். கூரைத் தகடு இதனினும் கொடியது. நீலக் கல்நாரை நமது நாடு 1987இல் தடைசெய்தது. வெள்ளைக் கல்நாரையும் படிப்படியாக நிறுத்தும் திட்டம் இருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா நமது தேயிலையை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியதும் அத்திட்டம் ஒத்திப்போடப்பட்டது. வெள்ளைக் கல்நாரைப் பெருமளவில் விற்கும் நாடுகளுள் ரஷ்யாவும் ஒன்று. கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால், ‘கல்நார்’ என்றால் நமது மேசனுக்குத் தெரியாது. அவர் அறிந்தது ‘அஸ்பெஸ்டஸ் சீற்’. கல்நார் தீங்கானது என்று எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவும் எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே. இரு சொல்லையும் அருகருகே அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

இங்கே இரு சாரார் நம்மை மறிக்கிறார்கள். ஒரு சாரார் ஆங்கில உபாசகர். தொழில்நுட்பத்துக்குத் தமிழ் எதற்கு, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படிக்கட்டும் என்பது அவர்களது வேதம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். உடலைக் கீறும் கலையைத் தமிழில் கற்பிக்க முடிந்ததென்றால் ஓடு பதிக்கும் கலைக்கு என்ன தடை? தடை மொழியில் இல்லை. அறிவைப் பூட்டிவைத்துச் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொள்ள விரும்பும் வர்க்கத்தின் மனத்தில் இருக்கிறது.

மறு சாரார் தூய்மையாளர். இவர்களது தமிழ்ப்பற்றில் எனக்கு ஐயமில்லை; தமிழரைப் பற்றிய அக்கறையில்தான் ஐயம். சீமெந்து என்ற சொல் தீட்டு, பைஞ்சுதை என்று சொல் என்கிறார்கள். கொங்கிறீற்று கூடாது, கற்காரையே வேண்டும் என்கிறார்கள். சொற்கள் அழகானவைதாம். சுதை என்பது சங்ககாலம் தொட்டு வரும் சொல் என்பதையும் அறிவேன். ஆனால், கடையில் பைஞ்சுதை ஒரு மூட்டை கேட்டால் என்ன கிடைக்கும்? தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது இயற்சொல்லோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தார். அகநானூற்றில் செங்கல்லைக் குறிக்க வரும் இட்டிகை என்ற சொல்லே வடக்கிலிருந்து வந்ததுதான். அதனால் அகநானூறு தீட்டுப்பட்டுவிடவில்லை. யன்னலையும் அலவாங்கையும் குசினியையும் போர்த்துக்கேயர் விட்டுப் போனார்கள். கந்தோரையும் பாஸையும் ஒல்லாந்தர் விட்டுப் போனார்கள். இச்சொற்களைச் சிங்களவரும் தம் ஒலிக்கேற்ப மாற்றி வழங்குகிறார்கள். பீங்கான் என்பது பாரசீகம்; சிங்களத்தில் அதுவே ‘பிங்கான’. ஆகவே ‘பீங்கான் ஓடு’ என்று நாம் சொன்னால் மாத்தளையில் பீங்கான் செய்யும் தொழிலாளிக்கும் விளங்கும், அருகில் நிற்கும் சிங்கள பாஸுக்கும் பாதி விளங்கும். இந்நாட்டு உழைப்பாளர்கள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உழைத்துச் சேர்த்த பொதுச் சொத்து இது. அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபு பற்றிய பெரும் விவாதம் ஒன்று நடந்தது. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியவர்களை, ‘இழிசனர் வழக்கு’ எழுதுகிறார்கள் என்று பண்டிதர்கள் இகழ்ந்தார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் அந்தப் போரில் வென்றார்கள்; இன்று அப்பேச்சு இலக்கியமாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வெற்றி கதையோடு நின்றுவிட்டது. கலைச்சொல் என்றதும் அதே பண்டித மனம் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது. சாந்தகப்பை, தூக்குக்குண்டு, மூலைமட்டம், நூல்பிடித்தல், சந்து அடைத்தல், தட்டோடு: இவற்றை ஆக்கியது எந்தக் குழு? கைகள் ஆக்கின. வேலை செய்கிறவன் தன் தேவைக்கு ஆக்கிய சொல்லில் பொருள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு கிடைக்காதபோதே புதுச்சொல் ஆக்க வேண்டும். ஆக்கியதையும் வேலைத்தளத்தில் சொல்லிப் பார்த்து ஏற்க வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1988இன் பதினாறாம் திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் நமது மாவட்டத்திலும் ஒருவர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. வீட்டு வரைபட அனுமதிக்கும் மண்சரிவு அபாயம் பற்றிய அறிவுரைக்கும் இது பொருந்தும். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும் ஊரில், தாங்குசுவர் எங்கே வேண்டும், நீர்வடி துளை எத்தனை வேண்டும் என்பதை விளங்காத மொழியில் சொல்வது உரிமை மறுப்பு மட்டுமன்று, உயிர் மறுப்புமாகும். உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நடத்திக்காட்டும் சொல் இன்னும் பிறக்கவில்லை. இயந்திரம் மொழிபெயர்க்கும் காலம் இது, இனிக் கவலை ஏன் என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். இயந்திரம் நாம் எழுதி வைத்ததையே படித்துத் திருப்பிச் சொல்கிறது. நாம் ‘குணப்படுத்தல்’ என்று எழுதி வைத்தால் அது ஆயிரம் மடங்கு வேகத்தில் குணப்படுத்தும்.

நாம் கேட்பது பெரிதல்ல. கட்டிடத் தொழிற் சொற்றொகுதி ஒன்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். அதைத் தொகுக்கும் குழுவில் பேராசிரியருக்குப் பக்கத்தில் மேசனுக்கும் நாற்காலி போட வேண்டும். நமது நாட்டில் விற்கும் ஓடு, ஒட்டுச்சாந்து, கூரைத் தகடு, வெட்டுக் கருவி ஒவ்வொன்றிலும் செய்முறையும் எச்சரிக்கையும் விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட வேண்டும். தொழிற்பயிற்சிக்கான தமிழ்க் கைந்நூலை அச்சேற்றுமுன் அத்தொழில் செய்வோர் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சிரிக்கும் இடத்தில் திருத்த வேண்டும்.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு நூல்பிடித்து மனை வகுத்தவர்களின் திறத்தை வகுப்பறையில் வியந்து பாடம் நடத்துகிறோம். நமது ஊரில் நாள்தோறும் நூல்பிடிப்பவர்களிடம் போய் அவர்கள் வாயிலிருக்கும் தமிழைக் கேட்டு எழுதினோமா? அடுத்த விடுமுறையில் மாணவர்களிடம் ஆளுக்கொரு குறிப்பேட்டைக் கொடுத்து வேலைத்தளங்களுக்கு அனுப்புவோம். அவர்கள் கொண்டுவரும் சொற்களில் சீமெந்துத் தூசி படிந்திருக்கும். அதைத் தட்டிவிட வேண்டாம்.