எல்லாமே 'டைட்' தானா?

ஆங்கிலத்தில் 'டைட்' என்று ஒரு சின்னச் சொல். நட்டு டைட், சட்டை டைட், கயிறு டைட், நேரம் டைட், மாதக் கடைசியில் பணமும் டைட்! மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகள், இதற்கு ஈடாக ஒரே சொல்லை அகராதியில் தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது.

முடுக்கிய நட்டு 'ஃபெஸ்ட்'. உடம்பைப் பிடிக்கும் சட்டை 'எங்'. விறைப்பாகக் கட்டிய கயிறு 'ஷ்ட்ராஃப்'. நேரமோ பணமோ போதாவிட்டால் 'க்னாப்'. தண்ணீர் கசியாத மூடி 'டிஹ்ட்'. இடம் மாற்றிப் போட்டால் பொருளும் மாறிவிடும். 'ஃபெஸ்ட்' துணி என்றால் கெட்டியான துணி. சட்டை சிறிதாகிவிட்டது என்று கேட்பவருக்கு எப்படிப் புரியும்?

ரயில் பெட்டிப் பணிமனையில் காலம் கழித்தவன் நான். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் நம் ரயில்வேக்கு வந்தபோது எனக்கு அந்த மொழியின் மேல் ஆர்வம் பிறந்தது. அந்நாட்டு மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கு உண்டு: 'நாஹ் ஃபெஸ்ட் கொம்ட் அப்'. இறுக்கத்துக்கு அடுத்தது கழன்று விழுவதுதான் என்று பொருள். அளவுக்கு மீறி முடுக்கினால் போல்ட்டு முறியும். ஸ்பானர் பிடித்த எவரும் இதற்குத் தலையாட்டுவார்கள்.

பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஜெர்மனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே பார்ப்பதுதான் கோளாறு. தமிழிலும் இந்தப் பாகுபாடு உண்டே! நட்டு இறுக்கம், சட்டை பிடிக்கிறது, கயிறு விறைப்பு, நேரம் நெருக்குகிறது, கையில் பணமுடை. ஜெர்மனோடு இவை அச்சுக்கு அச்சு பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. 'க்னாப்' என்ற ஒன்றுக்கு நாம் இரண்டு சொல்கிறோம். ஆனால் பொருளுக்கு ஏற்பச் சொல் மாறும் என்பது தமிழ் பேசி வளரும் பிள்ளைக்குத் தானாகவே பழகியிருக்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இந்த ஐந்தும் 'டைட்' என்ற ஒன்றாகச் சுருங்கிவிட்டன. பிற மொழி கற்க இடைஞ்சலாக இருக்கும் என்று தமிழை ஒதுக்கும் பெற்றோர், பிள்ளைக்குக் கிடைத்த நல்ல கருவியைப் பிடுங்கி வைக்கிறார்கள் என்பதே என் கருத்து.

ஜெர்மன் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது சேரும் பொருளோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை "சட்டை டைட்டா இருக்கும்மா" என்றால், "எங்கே பிடிக்குது, தோளிலா, இடுப்பிலா?" என்று கேளுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.