ஒத்தி நிலத்துக்கு வரி கட்டுவது யார்?

கேள்வி: மூன்று வருட ஒத்திக்கு விட்ட ஒரு ஏக்கர் நஞ்சைக்கு, பயிர் செய்பவரே கிஸ்தி கட்டி ரசீது வைத்திருக்கிறார். ‘வரி கட்டுகிறவனுக்குத்தானே நிலம்’ என்று இப்போது பேசுகிறார். வரி கட்ட வேண்டியது யார்? ரசீதைக் காட்டி நிலத்தை எடுத்துக்கொள்ள முடியுமா?

– வாசகி, கும்பகோணம் வட்டாரம்

பதில்: முடியாது. வரி ரசீது, வரி கட்டியதற்குத்தான் சான்று. நிலத்தின் உரிமைக்குச் சான்று அல்ல. பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன என்பதே முக்கியம்.

வரி கட்ட வேண்டியவர் யார் என்பது, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1882-ம் வருடத்திய சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால், நிலம் விவசாயியின் அனுபவத்தில்தான் இருக்கும். கிஸ்தி, வீட்டு வரி எல்லாம் அவர் பொறுப்பு (பிரிவு 65). அவர் கட்டாமல் விட்டு நிலம் ஏலத்துக்குப் போகும் நிலை வந்தால், கடன் கொடுத்தவர் பாக்கியைக் கட்டி, அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் (பிரிவு 72).

ஒத்தி, அதாவது போக்கியம், வேறு. நிலத்தை அனுபவிப்பவர் ஒத்திக்காரர். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், விளைச்சல் வருமானத்திலிருந்து அவரே அரசு வரியைக் கட்ட வேண்டும் (பிரிவு 76). வட்டிக்குப் பதில் விளைச்சல் என்று பேசியிருந்தாலும் இந்தக் கடமை உண்டு. ஆகவே அவர் கிஸ்தி கட்டியது தன் கடமையைச் செய்ததுதான். அதனால் புதிய உரிமை எதுவும் வராது. 30 வருடம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒத்தி நிலத்தை மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றமும் 2014-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை:

1. பட்டா, சிட்டா நகலை எடுத்துப் பெயர் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிஸ்தி பாக்கி உண்டா என்றும் கேளுங்கள். பாக்கி விழுந்தால் அரசு ஜப்தி செய்வது நிலத்தைத்தான், நஷ்டம் நிலக்காரருக்கே.

2. ஒத்திப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி, பதிவு செய்த பத்திரமாக, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதியிருந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

3. கெடு முடிந்ததும் பணத்தைச் சாட்சி வைத்துக் கொடுங்கள். வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம் (பிரிவு 83).

4. பணம் தீர்ந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்து, மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்குங்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

புதிதாக ஒத்திக்கு விடுபவர்கள், ‘கிஸ்தி கட்டுவது இன்னார்’ என்று ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். கிஸ்தித் தொகை சிறியதுதான். அதை எழுதாமல் விட்டால் வரும் வழக்குக்குத்தான் செலவு அதிகம்.