பார்பெராவுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

கலிஃபோர்னியா பார்பெராவைக் குடித்துவிட்டு "இத்தாலி மாதிரி இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் இருக்கணும்? அமடோர் மலையடிவார வெயிலில் பழுத்த பிறகும் பார்பெரா தன் புளிப்பை விடுவதில்லை. கிளாஸில் நான் தேடுவது அதைத்தான்.

பூர்வீகம்தான் முக்கியம்னா, அமெரிக்கத் திராட்சை என்று கொண்டாடிய ஜின்ஃபண்டெல் கதை என்ன? அதுவும் தெற்கு இத்தாலியின் ப்ரிமிதீவோவும் ஒன்றே என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. 2001-இல் அதே ரகத்தின் பழைய கொடிகள் குரோஷியக் கடற்கரையில் அடையாளம் காணப்பட்டன. அப்போ இத்தாலியும் நகல்தானா?

இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டே ஒதுக்கினால், விவசாயி பார்பெராவைப் பிடுங்கிவிட்டு விலை போகிற கேபர்னேயை நடுவார். அப்புறம் எல்லா பாட்டிலிலும் ஒரே ருசிதான். முதலில் குடிங்க, ஊர்ப்பெயரை அப்புறம் படிக்கலாம்.