ஈரக்கைக்கு ஒரு பட்டன்

பழவேற்காட்டில் வலை இழுத்த ஈரக்கையோடு செல்போனைத் தொட்டுப் பாருங்கள். கூப்பிடுவது மனைவியை, ரிங் போவது மச்சானுக்கு!

விரல் பட்டதும் திரையின் மின்புலம் கலைகிறது. கலைந்த இடத்தை போன் கணக்குப் போடுகிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரம் கடத்துமே... சொட்டையும் விரலென்று நம்பிவிடும். தடிமனான ரப்பர் கையுறை போட்டாலோ, 'விரலா, எங்கே?' என்று கேட்கும்.

2007-ல் மைக்ரோஸாஃப்ட் அறிமுகப்படுத்திய 'சர்ஃபேஸ்' மேஜைக்கு இந்தத் தகராறு இல்லை. உள்ளே அகச்சிவப்புக் கேமராக்கள். கையுறையோ காபி டம்ளரோ, வைத்ததைப் பார்த்துவிடும். ஆனால் ஸார், மேஜையைப் படகில் ஏற்ற முடியுமா? வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு; கேமராவுக்குக் கண் கூசிவிடும்.

'நனைந்தாலும் சாகாது' என்று போன் விற்கிறார்கள். சாகாது; சொன்னபேச்சு கேட்காது. முகத்துவாரத்தில் படகு தள்ளாடும்போது கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழுத்த, பழைய பட்டன் போன் ஒன்றையும் மடியில் முடிந்துகொள்ளுங்கள். பட்டனுக்கு ஈரக்கை, காய்ந்த கை பேதம் கிடையாது!