மஞ்சள் விளக்கும் சங்கத்தின் பணமும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நூல் சிப்பங்களையும் சேலைக் கட்டுகளையும் ஏற்றி இறக்கவும் சொந்தத்தில் லாரி வைத்திருக்கும் சங்கங்கள் சிலவற்றின் ரிப்பேர் வவுச்சர்களை அண்மையில் ஒருசேரப் பார்க்க நேர்ந்தது. அவற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. “இன்ஜின் விளக்கு எரிவதற்காக” என்று எழுதி, ஒரே வண்டிக்கு ஒரே ஆண்டில் ஒரு சென்சார், அப்புறம் ஒரு வால்வு, அப்புறம் மற்றொரு சென்சார் என்று வாங்கியிருக்கிறார்கள். கடைசி வவுச்சருக்குப் பிறகும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இது குறித்து அங்கத்தினர்களுக்கு நமது அபிப்பிராயத்தைத் தெரிவிப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

முற்காலத்து லாரிகளில் இந்த விளக்கு கிடையாது. டீசலைப் பீச்சும் பம்பு முழுவதும் இரும்பாலான யந்திரம். பெங்களூரில் அது தயாராகி வந்ததால், மைக்கோ பம்பு என்றால் நம் பக்கத்து டிரைவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். 1951-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அக்காலத்து மெக்கானிக், சத்தத்தைக் கேட்டும் புகையின் நிறத்தைப் பார்த்தும் நோயைச் சொல்லிவிடுவார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் நிலைமை மாறிற்று. பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகள் பெருநகரங்களில் 2010-லும், நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்தன. ஆறாம் கட்ட விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நம் சங்கங்களில் இன்று பழைய லாரி என்று சொல்லப்படுபவற்றில் பல, அந்த இடைக்காலத்து நான்காம் கட்ட வண்டிகளே. அவற்றில் டீசலை 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி, எப்போது எவ்வளவு பீச்சுவது என்பதை ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்கள். அவை சொல்லும் கணக்கு பெட்டி எதிர்பார்க்கும் கணக்கோடு ஒத்துவராதபோது, பெட்டி ஒரு எண்ணைப் பதிவு செய்துகொண்டு மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அந்த எண் கெட்டுப்போன பாகத்தின் பெயரன்று. எந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். ஓர் உதாரணம் கூறுவோம். பி 0087, பி 0193 என்ற இரண்டு எண்களும் டீசல் குழாயின் அழுத்தத்தைப் பற்றியவைதாம். முன்னது, அழுத்தம் மெய்யாகவே குறைந்திருப்பதாகப் பெட்டி கண்டது என்று பொருள்படும். பின்னது, அழுத்த சென்சாரிடமிருந்து வரும் மின்னழுத்தம் வரம்புக்கு மேற்பட்டிருக்கிறது என்பது. அறுந்த ஒயரோ, துருவேறிய இணைப்போ, சென்சாரோ காரணமாக இருக்கலாம். முன்னதற்கு டீசல் வரும் வழியைப் பார்க்கவேண்டும், பின்னதற்கு ஒயரைப் பார்க்கவேண்டும். “அழுத்த சென்சார் கோளாறு” என்று இரண்டையும் ஒன்றாக்கிப் புதுச் சென்சார் மாட்டினால், முன்னதில் பணம் நிச்சயமாக விரயம். பின்னதில் பாதி அதிர்ஷ்டம்.

விளைவிப்போர் சங்கம் ஒன்றில் நடந்தது இது. தோத்தாபுரி மாங்காயை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் ஏறும் லாரி, மேலுமலை ஏற்றத்தில் வலுவிழந்து மஞ்சள் விளக்கைக் காட்டிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் வெற்று வண்டி ஒழுங்காக ஓடுகிறது. எண் பி 0087. முதலில் அழுத்த சென்சார் மாற்றப்பட்டது. அடுத்த பாரத்தில் அதே ஏற்றத்தில் அதே விளக்கு. பின்னர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு மாற்றப்பட்டது, பலன் இல்லை. மூன்றாவதாகப் பம்பையே மாற்றவேண்டும் என்று யோசனை கூறப்பட்டது. அதற்குள் ஒரு பாரம் காய் சாலையோரத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்து கனிந்துபோகவே, மாங்கூழ் ஆலையில் எடையும் விலையும் குறைக்கப்பட்டன. அந்த நஷ்டம் சங்கத்தின் கணக்கில் தெரியாது, காய் கொடுத்த அங்கத்தினர்களின் பட்டுவாடாவில்தான் தெரியும். இறுதியில் வேறொரு பட்டறையில், டாங்கியிலிருந்து பில்டருக்கு வரும் ரப்பர் குழாயின் நடுவே சிறிது தூரத்துக்குக் கண்ணாடி போன்ற குழாய் ஒன்றை இணைத்து இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தார்கள். டீசலோடு காற்றுக்குமிழிகள் வந்தன. குழாயின் இணைப்பில் நூலிழை போன்ற விரிசல்! வெறும் வண்டிக்குப் போதுமான டீசல், பாரத்தோடு ஏறும்போது போதாமற் போயிற்று. அவ்வளவே.

குறைந்த அழுத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பில்டர் அடைத்திருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், இன்ஜெக்டர்கள் டீசலைப் பீச்சாமல் திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம். இன்ஜெக்டரைச் சோதிக்க ஒவ்வொன்றின் திரும்பு குழாயையும் ஒரே அளவான சிறு குப்பியில் விட்டுச் சில நிமிஷம் ஓட்டினால், எந்தக் குப்பி முந்தி நிறைகிறதோ அதுவே சந்தேகத்துக்குரியது. இந்தச் சோதனைகளுக்கு வேண்டியது சிறிது நேரமும் பொறுமையும்தான்.

அப்படியிருக்க, சோதனைக்கு முன்பே பாகம் வாங்கும் வழக்கம் ஏன் நிலைத்தது? நமக்குத் தோன்றும் காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பாகம் வாங்கினால் பில் இருக்கிறது, கையில் பொருள் இருக்கிறது. மகாசபையில் எவரும் கேள்வி கேட்பதில்லை. “அரைநாள் சோதனை செய்ததற்குக் கூலி” என்று ஒரு தொகை எழுதியிருந்தால், “வண்டியைப் பார்த்ததற்கு மட்டும் பணமா?” என்று உடனே ஒருவர் எழுந்துவிடுகிறார். காரியதரிசியும் மனிதர்தாமே, கேள்வி வராத வழியில் போகிறார். நம் வட்டாரத்தில் இதற்கு மற்றொரு தூண்டுதலும் இருக்கிறது. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைவீதி. கேட்ட பாகம் அன்றைக்கே கிடைக்கிறது. பாகம் அருகில், நிதானம் தூரத்தில்! அசோக் லேலண்டு ஆலை 1980-இல் வந்து, லாரிகள் பிறக்கும் ஊராகவே ஆகிவிட்ட ஓசூரின் பக்கத்தில் இருந்துகொண்டு, லாரியின் நோயறியாமல் பணத்தை இறைப்பது வேடிக்கைதான்.

ஆகையால், சோதனைக் கூலியை மனமுவந்து கொடுக்கவேண்டும் என்பது நமது திடமான கருத்து. வைத்தியருக்குக் கட்டணம் கொடுக்க மறுத்துவிட்டு மருந்துக்கடையில் தோன்றியதையெல்லாம் வாங்கி விழுங்குவாரை நாம் சிக்கனக்காரர் என்று சொல்வதில்லை. அதே சமயம், கூலி கொடுத்தால் அதற்குரியதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். வந்த எண், அது பதிவானபோது வண்டியின் வேகமும் பாரமும், செய்த சோதனை, கண்ட அளவு ஆகியவை பில்லில் இருக்கட்டும். எண் பதிவான வேளையின் நிலையைப் பெட்டியே குறித்து வைத்திருக்கும். ஸ்கானரில் அதையும் படித்துக் காட்டச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகம் சங்கத்துக்குத் திரும்பி வரவேண்டும்.

விளக்கை மட்டும் அணைத்துத் தருவோரைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஸ்கானரால் எண்ணை அழித்தால் விளக்கு அணைந்துவிடும். பழுது அப்படியே இருந்தால் சில நாளில் மறுபடி எரியும். உண்மையில் பழுது நீங்கிவிட்டால், பொதுவாக மூன்று முறை வண்டி ஓடிப் பெட்டியின் பரிசோதனை தேறியதும் விளக்கு தானே அணைந்துவிடும். எண்ணை அழிக்குமுன் காகிதத்தில் குறித்துக்கொள்ளாதவர் தடயத்தை அழித்தவரேயாவர். இன்னும் சிலர் விளக்கின் ஒயரையே துண்டித்து விடுகிறார்கள். யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளில் அதன் சென்சாரை ஏமாற்றும் பெட்டி மாட்டுவோரும் உண்டு. அக்கரைசல் 32.5 சதவீத யூரியா கொண்டதாக இருக்கவேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழாயில் உப்புப் படிந்து, விளக்கு எரிந்து, பெட்டியே வண்டியின் வலுவைக் குறைத்துவிடும். மலிவென்று இதைச் செய்த சங்கம் எதுவும் மிச்சம் பிடித்ததாக நாம் அறியோம்.

மஞ்சள் விளக்குக்கு வண்டியை நடுவழியில் நிறுத்த வேண்டுவதில்லை. வலு குறையாமல் ஓடினால் ஊர் வந்து சேரலாம். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து வையுங்கள். விளக்கு எரிந்த இடம், ஏற்றமா சமதரையா, பாரம் எவ்வளவு, காலைக் குளிரிலா நடுப்பகலிலா, முந்திய நாள் எங்கே டீசல் பிடித்தது என்று அவர் எழுதினால், பட்டறையில் பாதி வேலை முடிந்தது போலத்தான். கிடங்கில் பல நாள் நின்ற வண்டியானால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டரி முனையும், சட்டத்தோடு இணைக்கும் எர்த் ஒயரும் தளர்ந்திருந்தாலே சம்பந்தமில்லாத எண்கள் பல ஒரே சமயத்தில் வரும்.

லாரி வண்டிகளின் எண்ணைப் படிக்கும் ஸ்கானரை ஒரு சிறு சங்கம் தனியே வாங்குவது பாரமாக இருக்கலாம். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து ஒன்றை வாங்கி, தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்த அங்கத்தினர் பிள்ளை ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைக்கலாம். மாங்காய் இறங்கத் தொடங்குவது மே மாதத்தில். அதற்கு முன் கூடும் நிர்வாகக் கமிட்டியில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.