பாறைக்கு அடியில் ஒரு ஊர்!

உலகம் எப்படிப் பிறந்தது என்று நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யோருபா மக்களிடம் கேட்டால், இலே இஃபே என்ற ஊரின் கதையைச் சொல்வார்கள். ஆதியில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். வானத்திலிருந்து சங்கிலியைப் பிடித்து இறங்கிய ஒடுடுவா, கையோடு கொண்டுவந்த மண்ணைத் தண்ணீரின் மேல் கொட்டினார். ஐந்து விரல் சேவல் ஒன்று அதைக் கிளறிப் பரப்பியது. நிலம் உண்டானது. அந்த இடம்தான் இஃபே. ஒடுடுவாவின் பிள்ளைகளும் பேரன்களும் திசைக்கொருவராகப் போய் ராஜ்ஜியங்களை அமைத்தார்கள் என்பது ஐதீகம்.

ஆனால், எல்லா யோருபா ஊர்களுக்கும் இப்படி ஒரு வானத்துக் கதை கிடையாது. உயிர் பிழைக்க ஓடியவர்கள் உருவாக்கிய ஊர், அபேயோகுட்டா.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒயோ பேரரசு ஆட்டம் கண்டது. யோருபா நாடு முழுக்கப் போர். பிடிபட்டவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஓவு என்ற பெரிய நகரம் நீண்ட முற்றுகைக்குப் பிறகு வீழ்ந்தது. வென்ற படைகள் அடுத்து எக்பா மக்களின் ஊர்கள் பக்கம் திரும்பின. ஒவ்வொன்றாக அழிந்தன. எக்பா கிராமமாக இருந்த இபாடானும் 1829-ல் அந்தப் படைகளின் முகாமாகிவிட்டது. இன்றைய பெருநகரம் இபாடான் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

தப்பிய எக்பா மக்கள் பலர் அதே முகாமின் ஓரத்தில் ஒண்டிக் கிடந்தார்கள். தங்கள் ஊர்களை அழித்தவர்களோடு எத்தனை நாள் வாழ முடியும்? 1830-ல் சோடெகே என்ற தலைவரின் பின்னால் புறப்பட்டு, ஓகுன் ஆற்றின் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒலுமோ என்ற மிகப்பெரிய கரும்பாறை. அதன் குகைகள் வீடாயின. தானியம் அரைத்த குழிகளைப் பாறையில் இன்றும் காட்டுகிறார்கள். யோருபா மொழியில் ‘அபே’ என்றால் கீழே; ‘ஒகுட்டா’ என்றால் கல். ஊருக்கும் அதுவே பெயரானது.

அங்கே அவர்கள் செய்த ஒரு காரியம்தான் முக்கியம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கும்பலாகக் கலந்துவிடவில்லை. அழிந்துபோன ஒவ்வோர் ஊரின் மக்களும் தனித்தனிப் பேட்டையாகக் குடியேறி, பழைய ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆகே, கெம்டா, இகிஜா, இக்பெயின், இடோகு... நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஒரே ஊருக்குள் வந்தன. தலைவர்களும் சபைகளும்கூட அப்படியே தொடர்ந்தன. சில ஆண்டுகளில் ஓவு மக்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஆபத்து அதோடு விடவில்லை. மேற்கே இருந்த டஹோமி ராஜ்ஜியம் 1851-லும் 1864-லும் படையெடுத்து வந்தது. பெண் வீராங்கனைகளுக்குப் பேர்போன படை அது. மண் மதிலுக்குப் பின்னால் நின்று இரண்டு முறையும் அதை விரட்டினார்கள் அபேயோகுட்டா மக்கள்.

இதற்கிடையே கடல் வழியாகவும் ஆட்கள் திரும்பிவந்தார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, சியரா லியோனில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். உறவைத் தேடி வந்தவர்களுக்குப் பழைய ஊர்ப் பெயர் தாங்கிய பேட்டைகள்தான் விலாசம்.

சாமுவேல் அஜாயி கிரவுதரும் அப்படி மீட்கப்பட்டவர்தான். 1821-ல் ஒசோகுன் என்ற ஊரில் அடிமை வேட்டைக்காரர்களிடம் சிக்கியபோது அவர் சிறுவன். 1846-ல் பாதிரியாராக அபேயோகுட்டாவுக்கு வந்தார். செய்தி கேட்டுத் தாய் தேடி வந்தார். 25 வருடப் பிரிவு. இருவராலும் பேச முடியவில்லை. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பார்த்தபடியே நின்றார்கள். பின்னாளில் பைபிளை யோருபா மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இந்த மகன்தான்.

1859-ல் ‘இவே இரோஹின்’ என்ற யோருபா பத்திரிகை இந்த ஊரில்தான் தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற வோலே சோயின்கா 1934-ல் பிறந்ததும் இங்கேதான்.

ஒலுமோ பாறையில் ஏற லிஃப்ட்டும் அமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் கீழே துருப்பிடித்த தகரக் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். கிட்டத்தட்ட 200 வருடங்களுக்கு முன் எரிந்துபோன ஊர்களின் பெயர்களைச் சொல்லித்தான், அந்தக் கூரைகளுக்குக் கீழே இருப்பவர்கள் இன்றும் வீட்டுக்கு வழி சொல்கிறார்கள்.