இலைப்புள்ளி: மருந்தடிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டுக்குள் வளர்க்கும் மணி பிளான்ட்டிலோ ஸ்பைடர் பிளான்ட்டிலோ பழுப்பாக ஒரு புள்ளி விழுந்துவிட்டால் போதும், ‘நோய் வந்துடுச்சு’ என்று உரக்கடைக்கு ஓடுகிறோம். பூஞ்சாணக் கொல்லியை வாங்கிவந்து, குழந்தைகள் விளையாடும் கூடத்திலேயே தெளிக்கிறோம். பத்து நாளில் இன்னும் நாலு இலை கருகும். மருந்து போதவில்லை என்று மறுபடியும் தெளிப்போம்.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது நாம் ஊற்றும் தண்ணீரைத்தான்.

கருகல் எங்கே தொடங்குகிறது?

செடியைத் தூரத்தில் வைத்து முழுதாகப் பாருங்கள். இலையின் நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்து, அதுவும் அடியிலுள்ள பழைய இலைகளில் அதிகமாக இருந்தால், அது பெரும்பாலும் உப்பின் வேலை. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, பீஸ் லில்லி மூன்றும் இதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

உப்புத் தண்ணீரிலிருந்து வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. உறிஞ்சிய நீரோடு இலைவரை போகும் உப்பு, நீர் ஆவியானதும் நுனியிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் நுனி முதலில் கருகுகிறது.

ஜன்னல் பக்கம் திரும்பிய இலைகளில் மட்டும் வெளுத்த திட்டு இருந்தால், அது வெயில் சுட்டது. செடியை இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். பட்ட திட்டு மாறாது, புதிதாக வராது.

கிணறு அதேதான், தண்ணீர் வேறு

தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. மழை ஓய்ந்து, கோடையில் இறைக்க இறைக்க அந்த நன்னீர் மெலிந்து, அடியிலுள்ள உப்பு மேலேறுகிறது. தை மாதம் நன்றாக இருந்த கிணறு சித்திரையில் கரிப்பது இதனால்தான். “இதே கிணத்துத் தண்ணிதானே ஊத்துறேன், போன மாசம்வரை நல்லாத்தானே இருந்துச்சு” என்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் போட வேண்டும்.

குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் என்ன செய்வது?

தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட வேண்டும். வடிந்த நீர் தட்டில் தேங்கக் கூடாது. ‘குடிக்கவே விலைக்கு வாங்குகிறோம், செடிக்கா?’ என்று கேட்பது நியாயம். அப்படியானால் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள்.

ஏ.சி. இருக்கும் வீட்டில் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். மழையையும் விடாதீர்கள். இந்த மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 827 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. 100 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீர். மூடிய டிரம்மில் பிடித்து வைத்தால் நாலைந்து தொட்டிகளுக்குப் பல வாரம் வரும்.

கடலை ஒட்டிய வீடுகளில் காற்றே உப்பைக் கொண்டுவந்து இலையில் படியவைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், சோற்றுக் கற்றாழை, வாசலில் காகிதப்பூ போல உப்பை ஓரளவு தாங்கும் செடிகளுக்கு மாறிவிடுங்கள்.

நிஜமாகவே நோய் என்றால்…

மழைக்காலத்தில் இலை ஈரமாகவே இருக்கும்போது பூஞ்சை வரும். இலையின் நடுவிலும் வட்டப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், சில சமயம் நடுவில் மிளகுப்பொடி தூவியது போன்ற கறுப்புப் பொட்டுகள் இருக்கும். பட்ட இலையை வெட்டி எறியுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள். இலையில் படாமல் மண்ணில் மட்டும், காலையில் தண்ணீர் விடுங்கள். அதற்குப் பிறகும் பரவினால் சூடோமோனாஸ் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, செடியை வெளியே வைத்துத் தெளிக்கலாம்.

புள்ளி நீர் கோத்தது போல, நரம்புகளுக்குள் அடங்கிக் கோணல்மாணலாக இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். புள்ளியின் ஓரத்தை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போலக் கசிந்தால் அதேதான். வீட்டில் இதற்கு வைத்தியம் கடினம். மற்ற தொட்டிகளைக் காப்பாற்ற அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். டிஃபன்பேக்கியாவாக இருந்தால் கையுறை அவசியம், அதன் சாறு அரிக்கும்.

கோடையில் இலை முழுக்க ஊசி குத்தியது போல மஞ்சள் பொடிப்புள்ளிகள் வந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப் பேன். இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

பெரணிச் செடியின் இலைக்கடியில் வரிசை பிடித்தாற்போல் பழுப்புப் பொட்டுகள் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். அவை அதன் விதை போன்ற வித்துகள்!

ஒரு பேனா போதும்

எதுவும் புரியவில்லையா? புள்ளியின் எல்லையை மார்க்கர் பேனாவால் சுற்றி வரைந்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்குள்ளேயே நின்றிருந்தால் அது பழைய தழும்பு. கோட்டைத் தாண்டியிருந்தால், பக்கத்து இலைக்கும் போயிருந்தால், அப்போது வைத்தியம் பார்க்கலாம். அந்த ஒரு வாரத்தில் செடி செத்துவிடாது. வீட்டுக்குள் தேவையில்லாமல் விஷமும் தெளித்திருக்க மாட்டீர்கள்.

நமக்குப் படம் அனுப்பும் வாசகர்கள் முழுச்செடி, இலையின் அடிப்பக்கம், தொட்டியின் மேல்மண் என மூன்று படம் அனுப்புங்கள். கூடவே எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கும்.